வயலுக்கு எரு போட்டால் மண்ணுக்குள் நடப்பது

யாழ்ப்பாணத்து அராலிப் பக்கம் ஒரு ஏக்கர், அதாவது பதினாறு பரப்பு வயலை இந்தக் காலபோகத்திலிருந்து (மாரி நெற்செய்கையிலிருந்து) தானே செய்யப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாட்டெருவோ கோழி எருவோ போட்டால் மண்ணில நுண்ணுயிர் பெருகும், யூரியா அதுகளைக் கொன்றுபோடும் எண்டு சொல்லுகினம். கடையில நுண்ணுயிர்க் கரைசல் எண்டு போத்தலும் விக்கினம். உண்மையிலே எரு என்ன செய்யுது? எதை, எப்ப, எவ்வளவு போடுறது? யூரியாவை முற்றாக விடலாமோ?”

எரு போட்டால் நுண்ணங்கிகள் பெருகும். அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த நுண்ணங்கிகள் பெருகும், அவை நெல்லுக்கு உதவுமா உபத்திரவம் செய்யுமா என்பதை எருவைவிடத் தண்ணீரும் காலமும்தான் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. ஒரே சாணம் புரட்டாதிப் புழுதியில் ஒரு வேலை செய்யும், கார்த்திகை வெள்ளத்துக்குள் வேறு வேலை செய்யும். எவ்வளவு போடுவது என்ற கேள்விக்கு முன்னால் எப்ப, எந்தப் பக்குவத்தில் என்ற கேள்வி வரவேண்டும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

எரு போடுவதென்றால் மண்ணுக்கு நுண்ணங்கிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிராம் வயல் மண்ணில் ஏற்கெனவே நூறு கோடி அளவில் பற்றீரியாக்கள் கிடக்கின்றன. மாட்டின் வயிற்றிலிருந்து சாணத்தோடு வருபவை எந்நேரமும் சூடும் தீனியும் உள்ள இடத்தில் பழகியவை. மண்ணில் இறங்கியபின் அவற்றில் பெரும்பாலானவை தாக்குப்பிடிப்பதில்லை. எரு மண்ணுக்குக் கொண்டுவருவது சாப்பாடு. மண்ணிலுள்ள நுண்ணங்கிகளில் பெரும்பகுதி பட்டினியில், பாதி உறக்கத்தில் இருப்பவை. காபன் கிடைத்ததும் எழும்பிப் பெருகும். எரு தொடர்ந்து போட்ட வயல்களிலே வேகமாகத் தின்று வேகமாகப் பெருகும் கூட்டங்களின் பங்கு கூடும். பட்டினியைத் தாங்கிப் பழகிய அசிடோபற்றீரியா போன்றவற்றின் பங்கு குறையும். எரு போட்ட மண்ணில் நுண்ணங்கித் திணிவும் நொதியங்களின் செயற்பாடும் கூடுவதை உலகெங்கும் நெல்வயல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஆனால் “நுண்ணங்கி கூடியது, ஆகவே மண் நல்லது” என்று அங்கேயே நிறுத்தினால் அது தோட்டத்துக்குச் சொல்லும் கதை. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர் எரு போட்டால், அந்த மண்ணுக்குள் காற்று இருக்கிறது. வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் காற்று இல்லை. தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளம் மூடி ஓரிரு நாளிலேயே மண்ணில் மிச்சமிருந்த ஒட்சிசன் தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு மண்ணுக்குள் ஓர் ஒழுங்கான வரிசை நடக்கும். நாங்கள் ஒட்சிசனைச் சுவாசிப்பதுபோல, ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சுவாசிக்கும். நைத்திரேற்று முடிந்தால் மங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேற்று. எல்லாம் தீர்ந்த இடத்தில்தான் மெதேன் உண்டாக்கும் ஆக்கியாக்களுக்கு (பற்றீரியா போலத் தெரியும் வேறொரு வகை நுண்ணங்கிகளுக்கு) முறை வரும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கூட்டம் உண்டு. இரும்பில் ஜியோபற்றர் போன்றவை, சல்பேற்றில் சல்பேற்றுத் தாழ்த்திகள், கடைசியில் மெதேன்காரர். எரு இந்த வரிசையை முன்தள்ளுகிறது. சாப்பாடு கூடினால் சுவாசம் கூடும். சுவாசம் கூடினால் ஒட்சிசனும் நைத்திரேற்றும் விரைவாகத் தீரும். அடுத்த படி முந்தி வரும். பச்சைச் சாணத்தையோ பச்சைக் குழையையோ வெள்ளத்துக்குள் தாழ்த்தினால் சில வாரங்களில் நடக்கவேண்டியது சில நாள்களில் நடந்துவிடும். எருவால் வரும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த ஒரு விசயத்திலிருந்து பிறக்கின்றன.

இதற்குள் இரண்டு விலக்கான இடங்கள் உண்டு. ஒன்று, நிற்கும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் இடையிலுள்ள சில மில்லிமீற்றர் தடிப்பான மேற்படை. இன்னொன்று நெல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய உறை. நெல் தன் தண்டிலுள்ள காற்றுக்குழாய்களால் ஒட்சிசனை வேருக்கு இறக்கி, அதில் கொஞ்சத்தை வெளியே கசியவிடும். அந்த உறைக்குள்தான் அமோனியத்தை நைத்திரேற்றாக்குபவையும், மெதேனைத் தின்பவையும், நச்சுச் சல்பைட்டை ஒட்சியேற்றுபவையும் வாழும். வேரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் செம்பழுப்பாக இருக்கிறதல்லவா, அது வேரைச் சுற்றிப் படிந்த இரும்புத் துரு. வேரடியில் ஒட்சிசன் இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய அத்தாட்சி அதுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நெல் வானம் பார்த்த பயிர். புரட்டாதியில் புழுதி விதைப்பு, ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை, தை, மாசியில் அரிவு வெட்டு. அதாவது ஒரே போகத்துக்குள் உங்கள் வயல் இரண்டு வெவ்வேறு மண்ணாக நடந்துகொள்கிறது. முதல் சில வாரம் தோட்டத்து மண்போலக் காற்றோட்டம். பிறகு திடீரென்று குளம். நெல் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை ஆரம்பத்திலிருந்தே சேறடித்து நாற்று நடும் வயலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள சிபாரிசை அப்படியே தூக்கி இங்கே போட்டால் சரிவராது.

எட்டு மாதம் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழும்போது நடப்பதைப் பாருங்கோ. காய்ச்சலில் செத்த நுண்ணங்கிகளின் உடல்களும், மண்கட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த சேதனப் பொருளும் உயிரோடிருப்பவற்றுக்குத் தீனியாகின்றன. சில நாள்களுக்குச் சுவாசமும் நைதரசன் வெளிவிடுதலும் ஒரேயடியாக எகிறும். கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற ஆய்வாளர் இதை 1958 இல் விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். முதல் மழைக்கு எழும்பும் புழுதி மணமும் நுண்ணங்கிகளின் வேலைதான். திரெப்தோமைசீசு முதலிய பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஜியோசுமின் என்ற பொருளின் மணம் அது.

இந்த முதல் மழை எழுச்சியின்போது மண்ணில் காற்று இருக்கிறபடியால், வெளிவரும் அமோனியத்தை நைத்திரேற்றாக்கிகள் பிடித்து நைத்திரேற்றாக மாற்றிவிடும். பயிர் அப்போது விரலளவு முளை. அதனால் எவ்வளவு குடிக்க முடியும்? இரண்டு மூன்று வாரத்தில் பெருமழை வந்து வயல் மூடும். அங்கே காத்திருக்கும் நைதரசனிறக்கப் பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றைச் சுவாசித்து வாயுவாக மேலே அனுப்பிவிடும். கொஞ்சம் கீழே இறங்கிச் சுண்ணக்கல்லுக்குள்ளும் போகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவது பழைய பிரச்சினை. அதற்குப் பெரிய காரணங்கள் தோட்டப் பசளையும் மலசலகூடக் குழிகளும்தான். வயலைக் குறைசொல்லி வேலையில்லை. ஆனாலும் உங்கள் காசு காற்றோடு போவது வேறு விசயம். விதைப்புக்கு ஒரு மாதம் முந்தியே கோழி எருவைப் பரவி உழுதுவிட்டுப் பெருமையாக இருப்பவர்களின் நைதரசனில் நல்ல பங்கு இப்படித்தான் தொலைகிறது.

ஏன் கோழி எருவைத் தனியாகச் சொன்னேன்? எருவின் காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம்தான் காரணம். நுண்ணங்கியின் உடலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு காபன். தின்னும் காபனில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிடுவதால், 20–25 க்குக் கீழே விகிதமுள்ள தீனி கிடைத்தால் நைதரசன் மிஞ்சும். மிஞ்சியது பயிருக்கு வரும். அதற்கு மேலே போனால் பற்றாக்குறை. மண்ணிலிருக்கும் நைதரசனையும் பற்றீரியா பிடித்துத் தன் உடலில் வைத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். கோழி எரு 10 க்குக் கிட்ட, ஆட்டெரு அதற்குச் சற்று மேலே, ஆறின மாட்டெரு 20 சொச்சம். வைக்கோல் 60 க்கு மேலே. கோழி எரு யூரியாவின் தம்பி மாதிரி. விரைவாகக் கொடுக்கும், விரைவாகத் தொலையும். மாட்டெரு ஆறுதலாகக் கொடுக்கும். வைக்கோலும் உமி கலந்த கோழிக்கூட்டுக் குப்பையும் முதலில் கடன் வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுக்கும். தண்ணீருக்குள் இந்தக் கடன் சற்றுக் குறைவு. ஒட்சிசன் இல்லாமல் வாழ்பவை தின்பதில் மிகச் சிறு பங்கையே உடலாக்குவதால் அவற்றுக்கு நைதரசனும் குறைவாகவே போதும்.

பழைய ஆள்களின் பட்டி கட்டும் வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வெட்டு முடிந்த வயலில் இரவில் ஆடு மாட்டை அடைத்து, சில நாளுக்கு ஒருமுறை பட்டியை மாற்றிக்கொண்டு போவார்கள். அதன் பெறுமதி புழுக்கையில் மட்டும் இல்லை. கால்நடை வெளியேற்றும் நைதரசனில் பாதிக்குக் கிட்ட, சிலவேளை அதற்கும் மேலே, மூத்திரத்தில்தான் இருக்கிறது. கொட்டிலில் கூட்டி அள்ளும் எருவில் அது கிடைப்பதில்லை. பட்டியில் நேரே மண்ணுக்குப் போகிறது. ஆனால் எங்கள் மண் சுண்ணாம்பு மண், காரத்தன்மை உள்ளது. வெயிலில் திறந்தபடி விட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும். பட்டி எழும்பிய துண்டைச் சுணங்காமல் ஒரு சால் உழுதுவிடுவது நல்லது. பசுந்தாட் பசளையாகச் சணல் (சணப்பை) விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழும் வழக்கமும் மிக நல்லது. வேர்முடிச்சிலுள்ள றைசோபியம் காற்றிலிருந்து பிடித்த நைதரசன் சும்மா கிடைக்கிறது. மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போதே விதைத்தால் எழும்பும்.

அராலி என்றபடியால் உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எருவும் நுண்ணங்கியும் பற்றிய பொதுக் கட்டுரைகளில் வராத பகுதி இதுதான், உங்களுக்கு மிகத் தேவையானதும் இதுதான். வழுக்கையாறு கடலில் விழும் பக்கத்து வயல்களிலும், தொண்டைமானாறு, உப்பாறு ஏரிகளை அண்டிய வயல்களிலும் கடலுப்பின் தாக்கம் உண்டு. உவர்நீர்த் தடுப்பணைகள் கட்டியதே அதற்காகத்தான். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. ஆகவே உப்பேறிய வயலில் சல்பேற்றுத் தாழ்த்திகளுக்குத் தீனிக்குத் தீனி, மூச்சுக்கு மூச்சு, இரண்டும் உண்டு. அவை மெதேன்காரரைப் போட்டியில் வென்றுவிடும். மெதேன் குறையும் என்று சுற்றாடல்காரர் சந்தோசப்படலாம். கமக்காரனுக்கு அங்கே வருவது ஐதரசன் சல்பைட்டு, கூழ்முட்டை மணம்.

சேற்றில் இரும்பு தாராளமாக இருந்தால் அந்தச் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்புச் சல்பைட்டாகப் படிந்து அடங்கிவிடும். செம்மண்ணில் இரும்பு நிறைய, ஆனால் அது பெரும்பாலும் தோட்ட மண். கரையோரத்துச் சாம்பல் நிற மணற்பாங்கான வயல் மண்ணில் இரும்பு குறைவு. அங்கே பச்சைக் குழையையோ வேகாத சாணத்தையோ தண்ணீர் நிற்கும் வயலில் தாழ்த்தினால், சல்பைட்டு வேரைத் தாக்கும். வேரின் செம்பழுப்பு போய்க் கறுப்பாகும், வேர் நுனி அழுகும், பயிர் பசளையைக் குடிக்காமல் நிற்கும். “எரு போட்டும் பயிர் எழும்பேல்லை” என்று சொல்லிப் பலர் யூரியாவை மேலும் எறிவார்கள். வேருக்கு வாயில்லாதபோது சோறு போட்டு என்ன பயன்? தண்ணீரை வடித்துச் சில நாள் வயலை ஆறவிடுவதுதான் அதற்கு மருந்து. வடிக்க வசதியில்லாத பள்ளக் காணி என்றால் பச்சைப் பொருளைத் தொடவே வேண்டாம்.

அதே உப்பு வயலுக்கு நன்றாக உக்கிய எரு மிகப் பெரிய உதவி. நுண்ணங்கிகள் விடும் காபனீரொட்சைட்டு தண்ணீரில் கரைந்து, மண்ணிலுள்ள சுண்ணாம்பை மெல்ல மெல்லக் கரைக்கும். வெளிவரும் கல்சியம் களித்துணிக்கைகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தை மாரிமழை கழுவிக்கொண்டு போகும். பங்கசு இழைகளும் பற்றீரியாப் பசையும் மண்துணிக்கைகளைச் சேர்த்துக் கட்டுவதால் தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். ஜிப்சம் வாங்கிப் போட்டுச் செய்விக்கும் வேலையில் ஒரு பங்கை எங்கள் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் சுண்ணாம்பைக் கொண்டே நுண்ணங்கிகள் செய்து தருகின்றன. ஆனால் கழுவிய உப்பு போக வாய்க்கால் இருக்கவேண்டும். வாய்க்காலை அடைத்துவிட்டு எரு மட்டும் போட்டால் உப்பு அங்கேயே கிடக்கும்.

நாகச் சத்துக் (துத்தநாகம்) குறைபாடும் இதோடு ஒட்டியது. சுண்ணாம்பு மண்ணில் நெல்லுக்கு நாகம் எடுப்பது சிரமம். வெள்ளத்துக்குள் பச்சைச் சேதனப் பொருள் அழுகும்போது இருகாபனேற்று கூடி அது இன்னும் சிரமமாகும். விதைத்து அல்லது நட்டு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் இலையில் துருப்போலப் பழுப்புப் புள்ளிகளும் கட்டையாக நிற்கும் பயிரும் கண்டால் இதைச் சந்தேகியுங்கோ. இந்தியாவின் பந்த்நகரில் 1966 இல் இது நோயில்லை, நாகக் குறைபாடு என்று கண்டுபிடித்தார்கள். உக்கிய எரு இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். அதிலேயே கொஞ்சம் நாகம் இருக்கிறது, அதிலுள்ள சேதன அமிலங்கள் அதைக் கரையும் நிலையில் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்குவம் ஒன்றினாலேயே ஒரே பொருள் நோயாகவும் மருந்தாகவும் ஆகிறது.

மெதேன் பற்றிச் சுருக்கமாக. நெல்வயலிலிருந்து எழும் மெதேனில் பெரும்பகுதி பயிரின் காற்றுக்குழாய் வழியாகவே வெளியேறுகிறது. பச்சைச் சாணமும் வைக்கோலும் அதைக் கூட்டும்; உக்கிய எருவில் இலகுவாகத் தின்னக்கூடிய காபன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டபடியால் கூட்டுவது குறைவு. நடுவில் தண்ணீரை வடித்துக் காயவிடும் முறை மெதேனைக் கணிசமாகக் குறைப்பதாகச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. எங்கள் மானாவாரியில் மழை விட்டு விட்டுப் பெய்வதால் இது பல வருடங்களில் கேளாமலே நடந்துவிடுகிறது.

இனி யூரியா. அது நுண்ணங்கிகளைக் கொல்லும் என்பது எங்கள் மண்ணுக்குப் பொருந்தாத பேச்சு. 64 நீண்டகாலப் பரிசோதனைகளின் தரவுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான ஆய்வொன்று, இரசாயனப் பசளை போட்ட நிலத்தில் நுண்ணங்கித் திணிவு ஒன்றும் போடாத நிலத்தைவிடச் சராசரியாக 15 வீதம் கூடுதல் என்று கண்டது. பயிர் செழித்தால் வேர் கூடும், வேர் கூடினால் தீனி கூடும், அவ்வளவுதான். குறைந்தது எங்கே என்றால், மண்ணின் பீ.எச். (அமில, கார அளவு) 5 இற்குக் கீழே இறங்கி அமிலமாகிப்போன இடங்களில். சுண்ணக்கல்லின் மேலே குந்தியிருக்கும் யாழ்ப்பாணத்து மண்ணை யூரியாவால் அப்படி அமிலமாக்குவது லேசில் நடக்கக்கூடிய காரியமில்லை. யூரியாவின் குறை வேறு. அது காபன் கொடுக்காது. நிற்கும் தண்ணீரில் அல்கா பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும்போது தண்ணீரின் பீ.எச். 9 க்கு மேலே ஏறும். அந்த நேரம் மேலே எறிந்த யூரியா அமோனியாவாகப் பறக்கும். காற்றிலிருந்து சும்மா நைதரசன் பிடித்துத்தரும் நீலப்பச்சை அல்காவும், தண்ணீரில் நைதரசன் கிடக்கும்போது அந்த வேலையை விட்டுவிடும்.

“அப்ப யூரியாவை விடலாமோ?” கணக்குப் பார்ப்போம். ஒரு தொன் நெல் விளைய பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கும். உங்கள் ஏக்கரில் ஒன்றரைத் தொன் எதிர்பார்த்தால் 22 முதல் 30 கிலோ. நாலு தொன் மாட்டெரு, அதாவது பரப்புக்கு 250 கிலோ, பாதி ஈரம் என்று வைத்தால் காய்ந்த நிறை இரண்டு தொன். நைதரசன் 1 முதல் 1.5 வீதம் என்றால் 20 முதல் 30 கிலோ. பார்க்கச் சரியாக வருகிறது. ஆனால் முதல் போகத்தில் நுண்ணங்கிகள் அவிழ்த்துவிடுவது அதில் மூன்றிலொன்று அளவுதான். ஏழிலிருந்து பத்துக் கிலோ. ஒரு அந்தர் யூரியாவிலே, 50 கிலோ என்று வைத்தால், 23 கிலோ நைதரசன் இருக்கிறது, அதுவும் பயிர் கேட்கும் நேரத்தில். மீதி மண் தரும். யூரியா தாராளமாகப் போட்ட வயலிலும் பயிர் எடுக்கும் நைதரசனில் பாதிக்கு மேல் மண்ணின் சேதனப் பொருளிலிருந்துதான் வருகிறது. எரு வருடக்கணக்காக நிரப்புவது அந்தக் கையிருப்பைத்தான். அது நிரம்ப முன்னம் யூரியாவை வெட்டினால் விளைச்சல் விழும். 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கார்த்திகையில் அரசாங்கம் பின்வாங்கியது நினைவிருக்கும். இடையில் போன காலபோகத்தில் நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. சேதனப் பசளை கெட்டது என்பதற்கு அது சாட்சியில்லை. நுண்ணங்கிகளுக்கு வர்த்தமானி அறிவித்தல் கொடுத்து வேலை வாங்க முடியாது, அவ்வளவுதான்.

கையிருப்பு எவ்வளவு காலம் நிற்கும்? இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்ட பார்லித் துண்டொன்றில் அந்த எருவின் மிச்சம் நூறு வருடத்துக்குப் பிறகும் தெரிந்தது. இதை எடுத்துக்காட்டி “ஒருமுறை போட்டால் தலைமுறைக்கும் போதும்” என்பவர்களுக்கு அதே ரொதம்ஸ்ரெட்காரர் நைஜீரியாவில் செய்து 1977 இல் வெளியிட்ட பரிசோதனையையும் சொல்லவேண்டும். ஒரே தாவரப் பொருள் அந்தச் சூட்டில் இங்கிலாந்தைவிட நாலு மடங்கு வேகமாக உக்கிப்போனது. எங்கள் காலநிலை நைஜீரியாவுக்குத்தான் கிட்ட. வருடாவருடம் போட்டால்தான் நிற்கும். ஒரு ஆறுதல், வெள்ளம் நிற்கும் மாதங்களில் உக்குதல் மெதுவாகும். அதனால் வயல் மண் தோட்ட மண்ணைவிடச் சேதனப் பொருளைக் கொஞ்சம் நன்றாகப் பிடித்து வைத்திருக்கும்.

பண்ணைக் கோழி எருவில் இன்னொரு சங்கதி. கோழிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் நல்ல பங்கு செரிக்காமலே எச்சத்தோடு வெளியே வரும். அதோடு, மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களும் அந்த எதிர்ப்பைத் தரும் பரம்பரையலகுகளும் வரும். அந்தப் பற்றீரியா மண்ணில் செத்தாலும் அதன் பரம்பரையலகு மண்ணிலுள்ள வேறு பற்றீரியாவுக்குத் தாவக்கூடும். ஆகவே கோழி எருவை நேரே வயலுக்கு இறக்கவேண்டாம். குவித்து, ஈரமாக்கி, உள்ளே 55 பாகைக்கு மேல் சூடு பல நாள் நிற்கும்படி புரட்டிப் புரட்டி உக்கவிட்டால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் சாகும், மருந்து எச்சமும் பல வகைகளில் குறையும். குவியலுக்குள் கையை விட முடியாத சூடு இருக்கவேண்டும் என்று ஆச்சிமார் சொன்ன அளவே போதும்.

போத்தல் கரைசலுக்குக் காசு செலவழிக்காதீங்கோ. ஏக்கருக்கு ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை கோடி இருந்தாலும், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கூட்டத்தோடு பட்டினி மண்ணில் போட்டிபோட்டு நிலைப்பது அரிது. சணலுக்கும் பயறுக்கும் விதையில் பூசும் றைசோபியம் வேறு கதை, அது பலன் தரும். தமிழ்நாட்டிலிருந்து வந்த சீவாமிர்தத்தையும் கேட்பீர்கள். பத்துக் கிலோ சாணம், பத்து லீற்றர் மூத்திரம், இரண்டிரண்டு கிலோ வெல்லமும் பயற்றமாவும், எல்லாமாக 200 லீற்றர் தண்ணீரில். அதிலுள்ள நைதரசனைக் கூட்டினால் கால் கிலோ வருவதே கடினம். செய்வதால் கெடுதி இல்லை, ஆனால் அதை நம்பி எருவை விடக்கூடாது.

உங்கள் பதினாறு பரப்புக்கு நான் செய்யச் சொல்வது இது. வெட்டு முடிந்ததும் வைக்கோலை எரிக்காதீங்கோ. மாட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைச் சாணத்தோடு அடுக்கிக் குவியலாக்கி, கிடுகால் மூடிவிடுங்கோ. பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. ஈரமிருந்தால் சணல். உக்கிய மாட்டெரு பரப்புக்கு 250 கிலோவரை, கிடைக்காவிட்டால் பாதியாவது, விதைப்புக்கான கடைசி உழவோடு சேர்த்து மண்ணுக்குள் போகட்டும். மாதக்கணக்காக வெயிலில் பரவிக்கிடக்கக் கூடாது. உக்கிய கோழி எரு போடுவதென்றால் பரப்புக்கு 50, 60 கிலோவுக்கு மேலே வேண்டாம், அதுவும் விதைப்பை ஒட்டி. முதல் போகத்தில் யூரியாவை நாலிலொன்று குறையுங்கோ, அதற்கு மேல் வேண்டாம். விதைப்போடு யூரியா போடும் பழக்கத்தை விட்டு, மட்டம் வெடிக்கும் (பக்கத் தண்டு விடும்) பருவத்திலும் குடலைக்கு (கதிர் கருக்கொண்டு தண்டு பருப்பதற்கு) முந்தியும், தண்ணீர் குறைவாக நிற்கும் நாள் பார்த்துப் பிரித்துப் போடுங்கோ.

ஒரு பரப்பை எரு போடாமல், மற்றதெல்லாம் ஒரே மாதிரிச் செய்து விட்டுவையுங்கோ. மூன்று போகம் அந்தப் பரப்பின் நெல்லையும் எரு போட்ட ஒரு பரப்பின் நெல்லையும் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் பார்த்தால் என் சொல்லையும் கடைக்காரர் சொல்லையும் நம்பவேண்டிய தேவை இராது. கார்த்திகைக் கடைசியில் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவி நிறம் பாருங்கோ, மணந்தும் பாருங்கோ. காலடி வைத்ததும் குமிழி பொங்கி, வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தால் எருவின் பக்குவம் பிழை அல்லது தண்ணீர் வடியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஆவணியிலேயே மண்ணை எடுத்துக்கொண்டுபோய் உப்பின் அளவையும் பீ.எச். பெறுமானத்தையும் பார்ப்பியுங்கோ, உங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பதென்று சொல்வார்கள். அராலியில் ஒரு வரம்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் உப்பு அந்தப் பக்கம் இருப்பதில்லை, ஆகவே பள்ளத் துண்டின் மண்ணையும் மேட்டுத் துண்டின் மண்ணையும் கலக்காமல் இரண்டு பையில் கொடுங்கோ.